கிரியாட்டினின் வந்துருச்சா?

ரேடியாலஜி எம்.டி. வைவாவில் என்னிடம் கேட்ட கடைசிக் கேள்வி, "அயோர்டிக் டிசெக்‌ஷனுக்கு கோல்டு ஸ்டாண்டர்டு எது?" என்பது. இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் அயோர்டா. அதன் உள்சுவர் கிழிவதை எதில் பார்த்தால் மிக நம்பகமாகத் தெரியும் என்கிறார். எம்.ஆர்.ஐ. என்றேன். எக்ஸாமினர் தலையாட்டிவிட்டு மார்க் ஷீட்டைக் குனிந்து பார்த்தார். வெளியே வந்து இரண்டு காபி குடித்தேன். பதில் தப்பில்லை. 1993இல் நீனாபர் குழுவினர் 110 நோயாளிகளை வைத்து நான்கு முறைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, கிழிசலைத் தவறவிடாமல் பிடிப்பதில் எம்.ஆர்.ஐ. 98 சதவீதம், உணவுக்குழாய் வழியாகப் பார்க்கும் டி.இ.இ. எக்கோ கிட்டத்தட்ட அதே அளவு, சி.டி. 94, நெஞ்சின் மேல் வைத்துப் பார்க்கும் சாதா எக்கோ 59. அந்த வரிசையை நாங்கள் வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தோம். அப்புறம் வேலைக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. இதுவரை ஒரு டிசெக்‌ஷனைக்கூட நான் எம்.ஆர்.ஐ.யில் முதலில் பார்த்ததில்லை. கத்தி போட்டது மாதிரி வலிக்கிற மனிதனை, பம்ப்பும் மானிட்டரும் இரும்பு சிலிண்டரும் உள்ளே வரக்கூடாத அறையில், அரை மணி நேரம் அசையாமல் படுக்கச் சொல்ல யாருக்கும் மனசு வராது.

ஆனால் எந்த மெஷின் என்பதைப் பற்றி மட்டும் சொல்ல இதை எழுத உட்காரவில்லை. நான்கு வருடமாக ஒரு நாற்பத்தைந்து நிமிடம் எனக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லி முடித்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

ஓமத் தண்ணி

பெரிய நகரத்திலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கும் ஊர். சி.டி. இருக்கிறது, எம்.ஆர்.ஐ. இருக்கிறது, இதய அறுவை சிகிச்சை கிடையாது. ராத்திரி ஒன்பதரைக்கு நான் மிச்ச ரிப்போர்ட்டுகளை முடித்துக்கொண்டிருந்தேன். கேஷுவாலிட்டியில் மாவு மில் வைத்திருக்கும் ஒருவரைக் கொண்டுவந்திருந்தார்கள். ஐம்பத்து நான்கு வயது. பி.பி. மாத்திரையை நிறுத்தி மூன்று மாதம். சாயங்காலம் கோதுமை மூட்டையைத் தூக்கிச் சாய்க்கும்போது இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் வலி. "யாரோ பின்னால வந்து வெட்டிட்டான்னு திரும்பிப் பார்த்தேன் டாக்டர், ஒருத்தரும் இல்ல" என்று அவர் டியூட்டி டாக்டரிடம் சொன்னதைக் கேஸ் ஷீட்டில் அப்படியே எழுதியிருந்தார்கள். கூட வந்த மனைவி, "வாயுப் பிடிப்புன்னு நெனச்சு ஓமத் தண்ணி வச்சுக் குடுத்தேன்மா, தப்பா?" என்று போகிற வருகிற நர்ஸ்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

பாடப் புத்தகத்தில் இந்த வலிக்கு 'கிழிப்பது போல' என்று போட்டிருக்கும். எங்கள் ஊரில் 'கிழிக்குது' என்று சொல்லி வந்த ஒருவரையும் நான் கண்டதில்லை. வெட்டுது, பிளக்குது, ஆணி அடிச்ச மாதிரி இருக்குது, சிலர் வெறுமனே 'தாங்கல'. வெளிநாட்டிலும் கதை பெரிதாக வேறில்லை. 2000இல் வெளியான சர்வதேச டிசெக்‌ஷன் பதிவேட்டின் முதல் அறிக்கையில் இருந்த 464 பேரில், கிழிப்பது போல என்று சொன்னவர்கள் பாதிப் பேர்தான். சொல்லை விட முக்கியம் அது தொடங்கிய விதம். நேரம் சொல்ல முடிகிற வலி. மூட்டை கையில் இருந்தபோது என்று அவரால் சொல்ல முடிந்தது. அதே அறிக்கையில் இன்னொன்றும் இருக்கிறது: நூற்றில் பன்னிரண்டு பேருக்கு நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக நார்மல். எக்ஸ்ரேயைப் பார்த்து நிம்மதியடைந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகக் கேள்விப்படும் கதைகள் எல்லாம் இந்தப் பன்னிரண்டு பேரின் கதைகள்தாம்.

டியூட்டி டாக்டர் படிப்பை முடித்து ஒரு வருடம்கூட ஆகாத பெண். ஈ.சி.ஜி.யில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஹார்ட் அட்டாக்தான் என்று முடிவுகட்டி, ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் போடவில்லை. இரண்டு கையிலும் பிரஷர் பார்த்தார். வலது கையில் 184, இடது கையில் 136. பிரஷரைக் குறைக்கும் லாபெட்டலால் ஆரம்பித்துவிட்டு எனக்குப் போன் செய்தார். "மேடம், ரெண்டு கையிலயும் பிரஷர் வேற வேறயா இருக்கு. அயோர்டா ஆஞ்சியோ பார்த்துடலாமா?"

நான் கேட்டது: "கிரியாட்டினின் வந்துருச்சா?"

பழக்கம். ரத்தக்குழாய் பளிச்சென்று தெரிய ஊசியில் ஏற்றும் மருந்து காண்ட்ராஸ்ட்; ஆஞ்சியோ சி.டி.க்கு அது வேண்டும். அதைச் சிறுநீரகம் தாங்குமா என்று பார்க்கும் ரத்தச் சோதனை கிரியாட்டினின். காண்ட்ராஸ்ட் என்று யார் சொன்னாலும் என் வாயிலிருந்து தானாக வரும் வாக்கியம் அது. சாப்பிட்டீங்களா என்று கேட்பது மாதிரி. இன்னும் வரலை என்றார். வந்ததும் அனுப்புங்க, ரெடியா இருக்கோம் என்றேன். லேபில் சாம்பிள் ஹீமோலைஸ் ஆகிவிட்டது, அதாவது ரத்த அணுக்கள் உடைந்துவிட்டன, திரும்ப ரத்தம் எடுக்க வேண்டும் என்று பத்து நிமிடம் கழித்துத் தகவல் வந்தது. சரி என்றேன். அந்த இடைவெளியில் நான் என்ன செய்தேன் என்பது துல்லியமாக ஞாபகம் இருக்கிறது. ஒரு டீ குடித்தேன். வாலிபால் ஆடி முட்டியைத் திருகிக்கொண்ட ஒரு பையனின் எம்.ஆர்.ஐ.க்கு ரிப்போர்ட் போட்டேன். பத்தேகால் ஆனது. கிரியாட்டினின் 1.4.

வெள்ளைப் புள்ளி

அவரை உள்ளே தள்ளி வந்தபோது, டெக்னீஷியன் தம்பி ஏற்கெனவே வலது முழங்கை மடிப்பில் பச்சை வென்ஃப்ளான் ஊசி போட்டு வைத்திருந்தான். யாரும் சொல்லவில்லை. இடது கையில் போட்டால், நெஞ்சுக்குள் குறுக்காக ஓடும் நரம்பில் மருந்து கெட்டியாக நின்று, அயோர்டாவின் வளைவுக்கு மேல் வெள்ளைக் கோடுகளாக அடிக்கும். பார்க்க வேண்டிய இடமே மறைந்துபோகும். அதை விட மெல்லிய பிங்க் ஊசி என்றால் மருந்தைச் செலுத்தும் வேகத்தைத் தாங்குமா என்ற கவலை. இதெல்லாம் எந்த ஒப்பீட்டு ஆராய்ச்சியின் அட்டவணையிலும் வராது. சி.டி. 94 சதவீதமா 100 சதவீதமா என்பதில் பாதி இந்தத் தம்பிகளின் கையில் இருக்கிறது என்பது என் கட்சி.

முதலில் பிளெயின், அதாவது மருந்து போடாமல் ஒரு சுற்று. சுவருக்குள்ளேயே ரத்தம் கட்டி நிற்கும் வகையை அதில்தான் தெளிவாகப் பார்க்கலாம். பிறை நிலா மாதிரி வெளுப்பாகத் தெரியும், மருந்து போட்டபின் சுற்றியிருக்கும் பளிச்சில் அது அமுங்கிவிடும். அதற்காகத்தான் எடுப்பது. படம் ஒவ்வொரு தட்டாக வந்துகொண்டிருந்தது. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு அயோர்டாவின் உள்சுவரில் சுண்ணாம்பு படிந்திருக்கும், சி.டி.யில் குழாயின் ஓரத்தில் வெள்ளைப் பொட்டாகத் தெரியும். ஓரத்தில் இருக்க வேண்டும். அவருக்கு அது ஓரத்தில் இல்லை. குழாயின் கிட்டத்தட்ட நடுவில் நின்றது. கீழே வர வர அடுத்த தட்டிலும் நடுவில், அதற்கடுத்ததிலும். உள்சுவர் உரிந்து மிதக்கிறது, சுண்ணாம்பு அதோடு சேர்ந்து போயிருக்கிறது. இதயத்தைச் சுற்றி மெல்லிய பட்டையாக, வெறும் தண்ணீரை விடக் கொஞ்சம் வெளுப்பாக, ரத்தம்.

மருந்து இன்னும் ஒரு சொட்டுக்கூட உள்ளே போகவில்லை. இந்தப் படத்துக்குக் கிரியாட்டினின் தேவையில்லை. லேப் தேவையில்லை. மேஜையில் ஏற்றி இறக்கும் நேரத்தையும் சேர்த்தால் ஐந்து நிமிடம். நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அந்த மெஷின் எனக்கு இருபது அடி தூரத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தது.

அந்தப் பொட்டைப் பார்த்தபோது எனக்கு வந்தது பயம் இல்லை, வெட்கம். தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். அவனுக்கும் தெரிந்துவிட்டது. "காண்ட்ராஸ்ட் போட்டுரவா மேடம்?" என்று மட்டும் கேட்டான்.

அடுத்து நடந்ததையும் சொல்ல வேண்டும். மருந்து அயோர்டாவை எட்டிவிட்டதா என்று தெரிந்துகொள்ள, குழாய்க்குள் ஒரு சின்ன வட்டம் வைப்போம். வட்டத்துக்குள் அடர்த்தி ஏற ஏற எண் ஏறும். எங்கள் மெஷினில் 120ஐத் தொட்டால் ஸ்கேன் தானாகக் கிளம்பும். அவன் வைத்த வட்டம் விழுந்தது ஃபால்ஸ் லூமனில், அதாவது கிழிந்த சுவருக்குள் ரத்தம் தானே வெட்டிக்கொண்ட வாய்க்காலில். அங்கே ஓட்டம் மந்தம். திரையில் எண் 48, 51, 55 என்று நகர்ந்தது. பக்கத்திலேயே நிஜமான குழாய் பளிச்சென்று நிரம்பி வழிகிறது. மெஷின் 120க்காகக் காத்திருக்கிறது. அப்படியே விட்டிருந்தால் மருந்து முழுவதும் ஓடிப்போன பிறகு மங்கலான படம் வந்திருக்கும். அவன் எண்ணைப் பார்க்கவில்லை, படத்தைப் பார்த்தான். கையால் அழுத்தி ஸ்கேனைக் கிளப்பிவிட்டான். டிப்ளமா முடித்த இருபத்தாறு வயதுப் பையன்.

சர்ஜன் கேட்டவை

நகரத்து இதய சர்ஜனைப் போனில் பிடித்தேன். எந்த மெஷின், எத்தனை ஸ்லைஸ் என்று அவர் கேட்கவில்லை. "ரூட்ல இருந்தே கிழிஞ்சிருக்கா? ஆர்ச் கிளைங்க எப்படி? பெரிகார்டியத்துல எவ்வளவு? கீழ எதுவரைக்கும் போகுது, கிட்னிக்கு எதுல இருந்து ரத்தம் போகுது? தொடையில எந்தப் பக்கம் நல்லா இருக்கு, நான் எதுல கேன்யூலா போட?" ஐந்து கேள்வி, ஒரே மூச்சில். ரூட் என்றால் இதயத்தை ஒட்டிய வேர்ப்பகுதி, ஆர்ச் என்றால் மேல் வளைவு, பெரிகார்டியம் இதயத்தைச் சுற்றிய உறை, கேன்யூலா என்பது அறுவையின்போது ஆளை இதய-நுரையீரல் மெஷினோடு இணைக்கும் குழாய். கழுத்திலிருந்து தொடை வரை ஒரே ஓட்டத்தில் எடுத்த படம் கையில் இருந்ததால் ஐந்துக்கும் பதில் சொல்ல முடிந்தது. டி.இ.இ. எக்கோவால் முதல் கேள்விக்கு என்னை விட அழகாகப் பதில் சொல்ல முடியும், வால்வு கசிகிறதா என்பதையும் சேர்த்து. ஆனால் மேலேறும் அயோர்டாவின் கடைசிப் பகுதியில் அதற்கு ஒரு குருட்டு இடம் உண்டு. உணவுக்குழாய்க்கும் அயோர்டாவுக்கும் நடுவே மூச்சுக்குழாய் காற்றோடு நிற்கிறது, காற்றைத் தாண்டி எக்கோ போகாது. வயிற்றுக்குக் கீழே அதற்கு வேலையே இல்லை. 2006இல் பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்ட ஷிகா குழுவினர், சி.டி., டி.இ.இ., எம்.ஆர்.ஐ. மூன்றும் கண்டுபிடிப்பதில் ஏறக்குறைய சமம் என்று முடித்துவிட்டார்கள். 1993இன் வாய்ப்பாடு அதோடு காலி. கிழிசல் உண்டா இல்லையா என்பதற்கு மூன்றும் சமம்தான். சர்ஜனின் ஐந்து கேள்விக்கு மூன்றும் சமமில்லை.

சி.டி.யே எப்போதும் சரி என்று நான் சொல்வதாக நினைத்துவிடக்கூடாது. படிக்கும் காலத்தில் ஒரு பெண்மணியைப் பார்த்தோம். பிரஷர் 70. கேஷுவாலிட்டியில் கையடக்க எக்கோவிலேயே இதயத்தைச் சுற்றி ரத்தம் தெரிந்தது, ரூட்டில் ஒரு இழை ஆடுவதும் தெரிந்தது. அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் சர்ஜன் இருந்தார், தியேட்டர் இருந்தது. ஆனாலும் "ஒரு சி.டி. பார்த்துட்டே உள்ள எடுப்போம்" என்றார்கள். சி.டி. மேஜையில் அவர் நின்றுபோனார். கேன்ட்ரியிலிருந்து வெளியே இழுத்து நெஞ்சை அழுத்தியவர்களில் நானும் ஒருத்தி. இப்படி நிலைகுலைந்தவர்களை நேரே தியேட்டருக்கு ஏற்றி, மயக்கம் கொடுத்தபின் டி.இ.இ. குழாயை விட்டுப் பார்த்துக்கொண்டே நெஞ்சைத் திறப்பதுதான் வழி என்று புத்தகத்தில் இருக்கிறது. எங்கள் எல்லோருக்கும் அது தெரியும். தெரிந்துதான் தள்ளிக்கொண்டு போனோம். கூடுதலாக ஒரு படம் இருந்தால் நல்லது என்ற ஆசை.

எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கிறது. இதயத் துடிப்போடு ஒத்திசைக்காமல் எடுக்கும் சி.டி.யில் அயோர்டாவின் வேர்ப்பகுதி ஆடி, சுவர் இரட்டைக் கோடாக விழும். முன்னிடது ஓரத்திலும் பின்வலது ஓரத்திலும் விழுந்தால் உஷார். ஒரு முறை முப்பது வயதுப் பையனுக்கு வெளியில் எடுத்த படத்தை வைத்து டிசெக்‌ஷன் என்று ரிப்போர்ட் கொடுத்து, குடும்பமே அழுதுகொண்டு வந்தது. ஈ.சி.ஜி. கேட்டிங் போட்டுத் திரும்ப எடுத்தோம், சுத்தமான அயோர்டா. அந்தப் பையனின் நெஞ்செலும்பை யாராவது அறுத்திருந்தால் என்று யோசித்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. நெஞ்சு வலிக்கு இதயம், நுரையீரல், அயோர்டா மூன்றையும் ஒரே ஷாட்டில் எடுத்துவிடலாமே என்று கேட்பவர்களிடம் நான் சட்டென்று சரி சொல்லாததற்கு இந்தப் பையனும் ஒரு காரணம். எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் எடுத்த படம் எதையாவது காட்டிவைக்கும்.

1.4

இப்போது கிரியாட்டினினுக்கு வருகிறேன். 1.4க்குப் பதில் 2.4 என்று வந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? போட்டிருப்பேன். 4 என்று வந்திருந்தால்? நெஃப்ராலஜிக்கு ஒரு போன் போட்டுவிட்டு அப்போதும் போட்டிருப்பேன். எந்த எண் வந்தாலும் செய்யப் போவது ஒன்றுதான் என்றால், நான் எதற்காகக் காத்திருந்தேன்? காண்ட்ராஸ்ட் மருந்தால் சிறுநீரகம் போய்விடும் என்ற பயத்தில்தான் நாங்கள் வளர்ந்தோம். அந்தப் பயம் மிகைப்படுத்தப்பட்டது என்று அமெரிக்க ரேடியாலஜிக் காரர்களும் சிறுநீரக அமைப்பும் சேர்ந்தே 2020இல் எழுதிவிட்டார்கள். அன்றைக்கே எனக்கு அது தெரியும், படித்திருந்தேன். இன்னொன்று: அவருடைய இடது சிறுநீரகத்துக்கு ரத்தம் போனது ஃபால்ஸ் லூமனிலிருந்து. அந்த 1.4 என்ற எண்ணே கிழிசலின் வேலையாக இருக்கலாம். மருந்து போடாதே என்று சொல்வதாக நான் நினைத்திருந்த எண், சீக்கிரம் போடு என்று சொல்லிக்கொண்டிருந்தது.

ரத்தக் கட்டி உருவாகிக் கரைவதைக் காட்டும் டி-டைமர் ரத்தச் சோதனை விஷயத்திலும் இதே வியாதியைப் பார்க்கிறேன். 2018இல் 1,850 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று, அபாய மதிப்பெண் குறைவாக இருந்து டி-டைமரும் 500க்குக் கீழே இருந்தால் சி.டி. இல்லாமலே டிசெக்‌ஷனை விலக்கலாம் என்றது. நல்ல செய்தி, தேவையில்லாத ஸ்கேன்கள் எவ்வளவோ குறையும். ஆனால் இரண்டு கையிலும் பிரஷர் வித்தியாசம், வெட்டினாற்போல் வலி என்று மதிப்பெண் உச்சியில் நிற்கும் ஆளுக்கும் 'டி-டைமர் அனுப்பியிருக்கோம் மேடம், வரட்டும்' என்று போன் வருகிறது. அவர்கள் மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது.

இந்த நோயை வகை பிரித்து அதற்குத் தன் பெயரையே கொடுத்த அமெரிக்க இதய சர்ஜன் மைக்கேல் டிபேக்கிக்கு, 2005 டிசம்பர் 31 அன்று ஹூஸ்டன் வீட்டில் அதே வலி வந்தது. வயது 97. என்னவென்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று பிடிவாதம். ஜனவரி தொடக்கத்தில் எடுத்த சி.டி. உறுதி செய்தது: அவர் வகுத்த பிரிவுப்படி டைப் 2, கிழிசல் மேலேறும் அயோர்டாவோடு நிற்கும் வகை. அடுத்தடுத்த ஸ்கேன்களில் வீக்கம் பெருகிக்கொண்டே போக, பிப்ரவரியில் அவருக்கு நினைவு தப்பிய நிலையில் அவரே உருவாக்கிய அறுவையை அவருக்குச் செய்தார்கள். 2008 ஜூலை வரை இருந்தார். இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம், அவருக்கும் யாராவது கிரியாட்டினின் வரட்டும் என்று சொல்லியிருப்பார்களோ என்று குறும்பாக ஒரு சந்தேகம் வரும்.

கணக்கு என்னை விடுவித்துவிடும். இதயத்தை ஒட்டிய கிழிசலில் மணிக்கு 1 முதல் 2 சதவீதம் பேர் சாவார்கள் என்று படித்தோம். அறுவை இல்லாமல் இருந்தவர்களை வைத்து அதே சர்வதேசப் பதிவேட்டில் பிற்பாடு எடுத்த கணக்கு மணிக்கு அரை சதவீதம் என்கிறது. முக்கால் மணி நேரத்துக்கு எவ்வளவு? பெரிதாக வைத்தாலும் ஒன்றரை. நூறு இரவுகளில் தொண்ணூற்றெட்டு இரவுகள் அந்த டீயால் ஒன்றும் ஆகியிருக்காது. இந்தக் கணக்கை நான் பல முறை போட்டுப் பார்த்திருக்கிறேன். சரியாகத்தான் வருகிறது. திரும்பத் திரும்ப ஏன் போட்டுப் பார்க்கிறேன் என்பதற்குத்தான் கணக்கு இல்லை.

அந்த ராத்திரிக்குப் பிறகு ஒன்று மட்டும் மாற்றினோம். அயோர்டா என்று சந்தேகம் வந்தால் ஆள் நேரே மேஜைக்கு வர வேண்டும், லேப் பின்னால் வரட்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கன்சோல் பக்கத்தில் ஒட்டினேன். ஆடிட்டுக்கு வந்தவர் அதில் கையெழுத்தும் தேதியும் இல்லை என்றார். போட்டேன்.

அவர் பிழைத்துவிட்டார். நகரத்தில் விடியற்காலை தொடங்கிய அறுவை மதியம் முடிந்தது. கீழே இறங்கும் அயோர்டாவில் பழைய வாய்க்கால் இன்னும் ஓடுகிறது என்பதால் வருடா வருடம் ஃபாலோ-அப் சி.டி.க்கு எங்களிடம்தான் வருவார். மில்லை மகன் பார்த்துக்கொள்கிறான். போன மாதம் வந்தபோது சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த லேப் தாளை எடுத்து, நான் கேட்பதற்கு முன்பே நீட்டினார்.

"கிரியாட்டினின் பார்த்துட்டுத்தான் வந்தேன் மேடம். ஒண்ணு புள்ளி மூணு. நீங்க கேப்பீங்கன்னு தெரியும்."

தாளை வாங்கி ஃபைலில் வைத்தேன். உள்ளே தம்பி அவருடைய வலது கையைத் தட்டித் தட்டி நரம்பு தேடிக்கொண்டிருந்தான்.